பந்தியில் பிறந்த மதம்

(நாமக்கல் வட்டாரத்துக் கூட்டம் ஒன்றில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், யூத மதமும் கிறிஸ்து மதமும் ரோமாபுரி ஏகாதிபத்தியத்தின்கீழ் எப்படி ஒன்றாயிருந்தன, பிறகு எப்படி இரண்டாயின என்பதாகும். நோட்டீஸைப் பார்த்த ஒரு தோழர், "திருச்செங்கோட்டு மலையையும் நாமகிரித் தாயாரையும் விட்டுவிட்டு யூதன் சங்கதி நமக்கு எதற்கு? இந்தப் பக்கத்தில் மருந்துக்குக்கூட ஒரு யூதன் இல்லையே!" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஒரு மதம் எப்படிப் பிறக்கிறது என்று கிட்ட இருந்து பார்க்க நமக்கு வேறு நல்ல இடம் கிடைப்பதில்லை. நம் ஊர்க் கடவுள்கள் பிறந்த கதையைக் கேட்டால் கோடி வருஷம், யுகம், கற்பம் என்று கணக்குச் சொல்லுவார்கள். அந்தக் கணக்கைச் சரிபார்க்க எந்தக் கர்ணம் அப்போது இருந்தான்? கிறிஸ்து மதமோ, கவர்னர்கள் கடிதம் எழுதிய காலத்தில், வரி வசூல் கணக்கு எழுதப்பட்ட காலத்தில், நாணயங்களில் எழுத்துப் பொறித்த காலத்தில் பிறந்த மதம். ஆதலால் அதைப் பரிசோதித்துப் பார்க்க முடியும்.

நமக்கு எபிரேயும் தெரியாது, கிரேக்கும் தெரியாது. பாதிரிமார் அச்சிட்டு மலிவாகக் கொடுத்த தமிழ் வேதப் புஸ்தகமும், சரித்திரக்காரர்கள் எழுதி வைத்ததுமே நமக்கு ஆதாரம். அந்த வேதத்தில் சாலேம் என்ற ஊருக்கு மெல்கிசேதேக்கு என்று ஒரு ராஜா வருகிறான். சேலத்துத் தோழர்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு ஸ்தல புராணம் எழுதிவிடாமல் இருக்கும்படி முதலிலேயே கேட்டுக் கொள்ளுகிறோம்.

ஏசு என்பவர் கிறிஸ்தவர் அல்ல. அவர் யூதர். யூதத் தாய்க்குப் பிறந்து, எட்டாம் நாள் விருத்தசேதனம் செய்யப்பட்டு, யூத ஜெப ஆலயத்தில் பேசி, யூதப் பண்டிகைக்காக எருசலேமுக்குப் போனவர். இதை நாம் சொல்லவில்லை, சுவிசேஷமே சொல்லுகிறது. அவர் செத்த பிறகும் அவருடைய சீஷர்கள் தினந்தோறும் யூதர்களுடைய தேவாலயத்துக்குத்தான் போய் வந்தார்கள். சைவரில் வீரசைவர் என்று ஒரு கூட்டம் இருப்பதுபோல, யூதரில் ஏசுவை மேசியா என்று நம்பும் ஒரு கூட்டம். அவ்வளவுதான்.

அந்த தேசம் யாருடைய ஆட்சியில் இருந்தது? கி.மு. 63-இல் பாம்பே என்ற ரோமாபுரித் தளபதி எருசலேமைப் பிடித்தான். அது முதல் அது அடிமை நாடு. ஏசுவைக் கொல்ல உத்தரவிட்ட பிலாத்து, கி.பி. 26 முதல் 36 வரை அங்கே இருந்த ரோமாபுரி அதிகாரி. சிலுவையில் அறைவது ரோமாபுரி சர்க்கார் கலகக்காரருக்கும் அடிமைகளுக்கும் கொடுத்த தண்டனை. யூதர்களுடைய சட்டப்படியான தண்டனையோ கல்லெறிந்து கொல்லுவது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

நிற்க, சண்டை எங்கே ஆரம்பித்தது? கடவுள் ஒன்றா மூன்றா என்பதிலா? மோட்சத்துக்கு வழி எது என்பதிலா? இல்லை, தோழர்களே! சாப்பாட்டுப் பந்தியில் ஆரம்பித்தது.

சிரியா தேசத்தில் அந்தியோகியா என்று ஒரு பெரிய பட்டணம். அங்கே யூதரல்லாதவர்களும் ஏசுவின் கூட்டத்தில் சேர்ந்தார்கள். கிறிஸ்தவர் என்ற பெயர் முதலில் ஏற்பட்டதும் அந்த ஊரில்தான். யூதனுக்கோ இன்னது தின்னலாம், இன்னது தின்னக்கூடாது, இன்னாரோடு உட்காரலாம், இன்னாரோடு உட்காரக்கூடாது என்று ஆயிரம் ஆசாரங்கள் உண்டு. அந்த ஆசாரம் இல்லாதவர்களுக்கு நம் பாதிரிமார் வைத்த தமிழ்ப் பெயர் என்ன தெரியுமா? புறஜாதியார்! மொழிபெயர்க்க உட்கார்ந்தவர்களுக்கு இந்த நாட்டில் வேறு எந்த வார்த்தை கைக்குக் கிடைக்கும்?

பேதுரு என்பவர் ஏசுவின் பிரதம சீஷர். அவர் அந்தியோகியாவுக்கு வந்தார். புறஜாதியாரோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதுவரை சரி. பிறகு எருசலேமிலிருந்து, ஏசுவின் தம்பி யாக்கோபின் கூட்டத்தைச் சேர்ந்த சில ஆசாரக்காரர்கள் வந்தார்கள். வந்ததுதான் தாமதம், பேதுரு மெதுவாகப் பந்தியிலிருந்து எழுந்து விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் விலகினார்கள். பர்னபா என்ற நல்ல மனிதரும் விலகினார். பவுல் என்பவர் மட்டும் எல்லோர் முன்னிலையிலும் பேதுருவை முகத்துக்கு நேராகக் கண்டித்தார். பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தில் அவரே இதை எழுதி வைத்திருக்கிறார், சந்தேகமுள்ளவர்கள் படித்துப் பார்க்கலாம்.

தோழர்களே! இந்தப் பேதுருவை நீங்கள் பார்த்ததில்லையா? சமபந்தி போஜனத்துக்கு முதல் ஆளாக வந்து இலை போட்டு உட்காருவார். சொந்தக்காரர் வாசலில் தலை காட்டினால், "வயிற்றுவலி" என்று எழுந்து கொல்லைப்புறமாகப் போய்விடுவார். நம் சுயமரியாதைக் கூட்டங்களிலேயே எத்தனை பேதுருமார்களைப் பார்த்தோம்! பரலோகத்தின் திறவுகோலை வைத்திருந்தவருக்கே ஊர் வாய்க்கு இவ்வளவு பயமென்றால், பள்ளிபாளையத்துத் தறிக்காரருக்கு இருக்காதா?

ஏறத்தாழ கி.பி. 49-இல் எருசலேமில் இதற்காக ஒரு மகாநாடே கூடிற்று. புறஜாதியார் விருத்தசேதனம் செய்து கொள்ள வேண்டியதில்லை. ஆனால் விக்கிரகத்துக்குப் படைத்ததையும், இரத்தத்தையும், நெரித்துக் கொன்ற பிராணியின் மாமிசத்தையும், வேசித்தனத்தையும் விலக்க வேண்டும் என்று தீர்மானம். மூன்று தின்பண்டத்தைப் பற்றி, ஒன்று ஒழுக்கத்தைப் பற்றி! உலகத்தை இரட்சிக்க வந்த மதத்தின் முதல் மகாநாட்டுத் தீர்மானம், சமையற்கட்டுத் தீர்மானமாகத்தான் இருந்தது.

எருசலேம்காரர்களும் சாதுக்கள் என்று எண்ணிவிட வேண்டாம். ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றார்கள். 62-இல் யூதப் பிரதான ஆசாரியன் ஒருவன் மேற்படி யாக்கோபையும் கல்லெறிந்து கொல்லச் செய்தான். ஆசாரத்தைக் காப்பாற்றியவருக்கே அந்தக் கதி! எனினும் இதெல்லாம் ஒரு வீட்டுக்குள் அண்ணன் தம்பி சண்டை. வீட்டை இரண்டாகப் பங்கு போட்டது வேறொரு சங்கதி. அது வரி.

66-இல் யூதர்கள் ரோமாபுரிமேல் கலகம் செய்தார்கள். 70-இல் டைட்டஸ் எருசலேமைப் பிடித்துத் தேவாலயத்தைக் கொளுத்தினான். அதுவரை யூத ஆண்கள் வருஷத்துக்கு இரண்டு திராக்மா பணம் அந்தக் கோயிலுக்குக் கட்டி வந்தார்கள். கோயில் போயிற்று, பணம் போகலாமா? டைட்டஸின் தகப்பன் வெஸ்பாசியன் சக்ரவர்த்தி ஒரு உத்தரவு போட்டான். இராஜ்யத்தில் எங்கே இருக்கும் யூதனும், இனி ஆண் மட்டுமல்ல, பெண்ணும் குழந்தையும்கூட, அதே இரண்டு திராக்மாவை ரோமாபுரியிலுள்ள ஜூபிடர் கோயிலுக்குக் கட்ட வேண்டும்! தன் கோயிலை இடித்தவனுடைய சாமிக்குத் தானே தீபாராதனைச் செலவு கொடுக்க வேண்டும். இதைவிட ஒரு ஜாதியை அவமானப்படுத்த வேறு வழி உண்டா?

வரி என்றால் ஜாபிதா வேண்டும். யார் யூதன், யார் யூதன் அல்ல என்று சர்க்கார் குமாஸ்தா எழுதியாக வேண்டும். அதுவரை யாருக்கும் அவசரமில்லாத அந்தக் கேள்விக்கு இப்போது பதில் சொல்லியே தீர வேண்டும். டொமீஷியன் காலத்தில் இந்த வரியைக் கசக்கிப் பிழிந்தார்கள். தொண்ணூறு வயதுக் கிழவர் ஒருவரை நிறைந்த சபையில் துணியை அவிழ்த்து, விருத்தசேதனம் உண்டா என்று சோதித்ததைத் தன் வாலிப வயதில் நேரில் பார்த்ததாக ஸ்வெடோனியஸ் என்ற ரோமாபுரிச் சரித்திரக்காரர் எழுதியிருக்கிறார். அடுத்து வந்த நெர்வா சக்ரவர்த்தி 96-இல், அந்த அக்கிரமத்தை நிறுத்தினோம் என்று நாணயத்திலேயே பொறித்துக்கொண்டான். வரியை நிறுத்தவில்லை, அவிழ்த்துப் பார்ப்பதைத்தான் நிறுத்தினான்.

இப்போது ஏசுவை நம்பிய ஒருவன் நிலைமையை யோசியுங்கள். "நான் யூதன்" என்றால் வரி, அவமானம், கலகக்கார ஜாதி என்ற பட்டம். "நான் யூதன் அல்ல" என்றால் வேறொரு ஆபத்து. ரோமாபுரியான் பழைய மதத்துக்கு மரியாதை கொடுப்பான். யூதன் தகப்பன் பாட்டன் வழி வந்ததைச் செய்கிறான் என்று, தன் சாமிக்குப் பலியிடும்படி அவனை வற்புறுத்தாமல் விட்டுவைத்தான். புது மதம் என்றாலோ அவனுக்கு ஆகாது. சுமார் 112-இல் பிளினி என்ற கவர்னர் டிராஜன் சக்ரவர்த்திக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. கிறிஸ்தவனா என்று மூன்று தடவை கேட்டேன், ஆம் என்று பிடிவாதம் பிடித்தவர்களைக் கொல்ல அனுப்பினேன், நான் செய்தது சரிதானா என்பது கடிதத்தின் சாரம். தேடிப் பிடிக்க வேண்டாம், பிடிபட்டு ருஜுவானால் தண்டிக்கலாம் என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தில் யூதர் பேச்சே இல்லை. சர்க்கார் ஜாபிதாவில் இரண்டும் இரண்டு மதம் ஆகிவிட்டன.

சுவிசேஷங்கள் எழுதப்பட்டது இந்தக் காலத்தில்தான், அதாவது கோயில் இடிந்த சமயத்திலும் அதற்குப் பிறகும். இப்போது பிலாத்துக்கு வாருங்கள். பைலோ என்ற யூத அறிஞர், பிலாத்து காலத்திலேயே வாழ்ந்தவர், அவனை லஞ்சக்காரன், கொடியவன், விசாரணையில்லாமல் கொன்றவன் என்று எழுதுகிறார். சுவிசேஷத்திலோ அவன் தண்ணீர் வாங்கிக் கைகழுவிக்கொண்டு, இந்த நீதிமானுடைய இரத்தத்தில் எனக்குப் பங்கில்லை என்கிறான்! இரத்தப் பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் வரட்டும் என்று யூத ஜனங்கள் கூவினார்களாம். எந்த ஜனக்கூட்டமாவது இன்னும் பிறக்காத தன் பிள்ளையின்மேல் கொலைக் குற்றம் வரட்டும் என்று ஒரே குரலில் கேட்குமா? சிலுவையில் அறைந்தது ரோமாபுரிச் சிப்பாய். பழி மாத்திரம் யூதன் தலையில். ஆளுகிற சர்க்காருக்கு நல்ல பிள்ளையாக நடக்க விரும்புகிறவன், தன் தலைவனை அந்தச் சர்க்காரே கொன்றது என்று உரக்கச் சொல்லுவானா? இதுதான் நம்முடைய அபிப்பிராயம்.

132-இல் யூதர்கள் மறுபடி கலகம் செய்தார்கள். 135-இல் ஹேட்ரியன் அதை அடக்கி, எருசலேமின் பெயரையே மாற்றி, யூதர் யாரும் உள்ளே கால் வைக்கக்கூடாது என்று தடுத்தான். அதுவரை எருசலேம் சபைக்குத் தலைவர்களாக இருந்தவர்கள் எல்லோரும் விருத்தசேதனம் பெற்ற யூதர்களே என்று சபைச் சரித்திரம் எழுதிய யூசேபியஸ் என்னும் பாதிரியாரே சொல்லுகிறார். அதற்குப் பிறகுதான் புறஜாதியார் அந்த ஸ்தானத்துக்கு வந்தார்கள். பேதுருவும் பவுலும் தீர்க்காத வழக்கை ஹேட்ரியனுடைய சிப்பாய் தீர்த்து வைத்தான்!

ஆனால் தோழர்களே, மேலே தலைவர்கள் பிரிந்தார்களே தவிர கீழே ஜனங்கள் பிரியவில்லை. இது நமக்கு மிகவும் முக்கியமான சங்கதி. ஏறத்தாழ 305-இல் ஸ்பெயின் தேசத்து எல்விராவில் கூடிய பாதிரிமார் சபை ஒரு சட்டம் செய்தது: கிறிஸ்தவக் குடியானவர்கள் யூதர்களை அழைத்துத் தங்கள் வயலை ஆசீர்வதிக்கச் செய்யக்கூடாது. இதிலிருந்து என்ன தெரிகிறது? அதுவரை அழைத்து வந்தார்கள் என்று தெரிகிறது! நம் பக்கத்தில் கடலைக்காட்டுக்காரர் மாரியம்மனுக்கும் வேண்டிக்கொண்டு, தர்க்காவுக்கும் போய் மந்திரித்துக் கயிறு கட்டி வருகிறாரே, அதைப்போல. மழை பெய்தால் போதும், எந்த சாமி பெய்வித்தது என்று காட்டுக்காரன் கேட்பதில்லை, புரோகிதன்தான் கேட்பான். அதே எல்விரா சபையின் அடுத்த சட்டம்: யூதரோடு சேர்ந்து சாப்பிடுகிறவனைத் தள்ளிவைக்க வேண்டும். பார்த்தீர்களா! புறஜாதியாரோடு சாப்பிடமாட்டேன் என்று யூதன் எழுந்துபோனான் என்பது முதற் சண்டை. 250 வருஷத்துக்குப் பிறகு, யூதனோடு சாப்பிடாதே என்று கிறிஸ்தவனுக்குச் சட்டம். இலை மாறிற்று, உட்காரும் ஆள் மாறிற்று, தீட்டு மட்டும் அப்படியே இருந்தது. 386-இல்கூட அதே அந்தியோகியாவில் ஜான் கிறிசோஸ்தம் என்ற பிரசங்கியார், நம் கிறிஸ்தவர்கள் யூதர் பண்டிகைக்கு ஓடுகிறார்களே என்று வயிறெரிந்து வரிசையாகப் பிரசங்கம் செய்ய வேண்டியிருந்தது.

இதற்குள் சிம்மாசனம் கைமாறிற்று. கான்ஸ்டன்டைன் 313-இல் கிறிஸ்தவர்களுக்குச் சுதந்திரம் கொடுத்தான். 325-இல் நிசேயா மகாநாட்டில், ஈஸ்டர் பண்டிகையை யூதர் கணக்கைப் பார்த்துக் கொண்டாடக்கூடாது என்று முடிவாயிற்று. 380-இல் தியோடோஷியஸ் கிறிஸ்து மதத்தை இராஜாங்க மதமாக்கினான். 388-இல் கல்லினிகம் என்ற ஊரில் பிஷப்பின் தூண்டுதலால் ஒரு கும்பல் யூத ஜெப ஆலயத்தைக் கொளுத்திற்று. சக்ரவர்த்தி, கிறிஸ்தவனாயிருந்தும், பிஷப் தன் செலவில் கட்டிக் கொடுக்க வேண்டும் என்று நியாயமாக உத்தரவிட்டான். மிலான் நகரத்து அம்புரோஸ் பாதிரியார் சக்ரவர்த்தியைக் கோயிலிலேயே மடக்கி, அந்த உத்தரவை வாபஸ் வாங்க வைத்தார். அவரைத்தான் அர்ச்சசிஷ்டர் என்று கும்பிடுகிறார்கள். 438-இல் யூதருக்குச் சர்க்கார் உத்தியோகம் கிடையாது, புது ஜெப ஆலயம் கட்டக்கூடாது என்று சட்டம் வந்தது. பிற்பாடு நடந்ததை விரித்துச் சொல்ல நேரமில்லை. 1215-இல் யூதர் தனி உடை உடுக்க வேண்டும் என்ற தீர்மானமும், 1492-இல் ஸ்பெயினிலிருந்து விரட்டியதும், கடைசியில் ஹிட்லர் 60 லட்சம் யூதர்களைக் கொன்றதும் எல்லோரும் அறிந்ததே. கிறிஸ்துவைக் கொன்ற பழியை யூதர் எல்லோர்மேலும் சுமத்தக்கூடாது என்று ரோமாபுரிச் சபை சொன்னது 1965-இல்! கைகழுவிய கதை எழுதி 1,800 வருஷத்துக்குமேல் கழித்து!

இதைக் கேட்டு இந்து ஆஸ்திகத் தோழர்கள் சிலர் கைதட்டுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் கோயில் இருக்கிறதே, அந்தச் சிலை முனியப்பன் அல்ல, புத்தர் சிலை என்று தொல்பொருள் துறை பரிசோதித்துச் சொல்ல, சென்னை ஹைக்கோர்ட்டும் 2022-இல் அவ்வாறே தீர்ப்புக் கூறிற்று. உயிர்ப்பலி கூடாதென்ற மனிதர் முனியப்பனானார்! தாயை அடித்த பிள்ளை அந்த ஊரில் மட்டும் இல்லை.

அந்தியோகியாப் பந்தி கப்பலேறி நம் பக்கத்துக்கும் வந்து சேர்ந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னோம். 1606-இல் ராபர்ட் டி நோபிலி என்ற இத்தாலியப் பாதிரியார் மதுரைக்கு வந்தார். தத்துவ போதகர் என்று பெயர். காவி கட்டி, சந்தனம் பூசி, பூணூல் போட்டு, பிராமணச் சமையற்காரனை வைத்து, மாமிசத்தை விட்டு ஒரு வேளை மரக்கறி சாப்பிட்டு, தாம் பறங்கி அல்ல, ராஜ வம்சத்தவர் என்று சொல்லிக்கொண்டார். ஏற்கெனவே அங்கே பரதவர்களுக்கு ஊழியம் செய்துவந்த இன்னொரு பாதிரியாரை, அவரும் ஏசுசபைக்காரரே, விட்டு விலகித் தனி வீட்டில் இருந்தார். இந்த வேஷம் செல்லுமா செல்லாதா என்று கோவாவிலும் ரோமாபுரியிலும் வழக்கு நடந்து, 1623-இல் போப்பு கிரிகோரி, பூணூலும் குடுமியும் சந்தனமும் இருக்கலாம் என்று உத்தரவு கொடுத்தார். கூடவே, மேல்ஜாதிக் கிறிஸ்தவர்கள் கீழ்ஜாதியாரை இழிவாக நினைக்கக்கூடாது என்று ஒரு வேண்டுகோளும் விட்டார். உத்தரவு நிறைவேறிற்று. வேண்டுகோள் வேண்டுகோளாகவே இருந்தது.

அதே 1623-இல்தான் நோபிலி நம் சேந்தமங்கலத்துக்கு வந்தார். அங்கே இராமச்சந்திர நாயக்கர் அவரை ஆதரித்தார். பிறகு சேலம் போனார். சேலத்து ஆட்சியிலிருந்த நாயக்கரின் தமையன் 1625-இல் ஞானஸ்நானம் பெற்றார். நாயக்கர் வீட்டுக்குள் போனவர் சேரிக்குள் போகலாமா? போனால் நாயக்கர் வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும். ஆகவே 1640 முதல் சேரிக்கென்று பண்டாரசாமிகள் என்ற தனி வகுப்புப் பாதிரிமார் ஏற்பட்டார்கள். மேல்ஜாதிக்கு ஐயர் சாமியார், கீழ்ஜாதிக்குப் பண்டாரச் சாமியார்! நோபிலியின் தமிழ்ப் புலமையையும் தைரியத்தையும் நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பேதுரு பயந்து, வெட்கப்பட்டுக்கொண்டு எழுந்துபோனார். இவர் அதையே ஒரு முறையாக்கி, ரோமாபுரியின் முத்திரையும் வாங்கிவிட்டார். அந்தப் பந்தியில் எதிர்த்துக் கேட்க ஒரு பவுல் இல்லை.

புதுச்சேரிக்கு வந்திருந்த டூர்னோன் என்ற போப்பின் பிரதிநிதி 1704-இல், சாகக் கிடக்கும் பறையரின் குடிசைக்குள் பாதிரியார் போய்த்தான் நற்கருணை கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். போகாமல் இருந்ததால்தானே உத்தரவு வேண்டியிருந்தது! நாற்பது வருஷம் தகராறு நடந்து, 1744-இல், அந்த ஜாதிக்கென்று தனிப் பாதிரிமாரை நியமித்துக்கொள்ளலாம் என்று முடிந்தது. திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்துக் கோயிலில் இரண்டு ஜாதியாரும் ஒருவரையொருவர் பாராமல் ஒரே பலிபீடத்தைப் பார்க்க நடுவில் சுவர் வைத்துக் கட்டினார்கள், 1910-இல்தான் இடித்தார்கள். யூதரும் தப்பவில்லை. கொச்சியில், விடுதலையான அடிமைகளின் சந்ததியார் என்று ஒரு பிரிவினரைப் பரதேசி ஜெப ஆலயத்தில் சமமாக உட்கார விடாமல் வைத்திருந்தார்கள். அந்த வகுப்பில் பிறந்த ஏ.பி. சேலம் என்ற வக்கீல் (மறுபடியும் நம் ஊர்ப் பெயர்!) சத்தியாக்கிரகம் செய்து அந்த உரிமையைப் பெறவேண்டி இருந்தது.

பந்தி வந்த வழியே ஜாபிதாவும் வந்தது. 1950-இல் ஜனாதிபதி உத்தரவு ஒன்று, இந்துவாக இருப்பவனே தாழ்த்தப்பட்டோர் ஜாபிதாவில் சேருவான் என்றது. 1956-இல் சீக்கியரையும், 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரையும் முஸ்லிம்களையும் சேர்க்கவில்லை. ஒரு தாய் வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பி இருவர். ஒரே சேரி, ஒரே கூலி, டீக்கடையில் ஒரே அவமானம். தம்பி ஞானஸ்நானம் பெற்றால், அவன் வேறு ஜாபிதா. ஊரான் அவனைத் தொடாமல் இருப்பதற்கு அவன் இன்னும் பழைய ஜாதி. சர்க்கார் சலுகை கொடுப்பதற்கு மட்டும் அவன் ஜாதி போயிற்று! ஆகவே அவன் என்ன செய்கிறான்? கோயிலில் அந்தோணி, தாலூகா ஆபீசில் அருணாசலம். இதற்காக அவனைப் பொய்யன் என்று ஏசுகிறவர்கள், அவனை இரண்டு பெயர் வைத்துக்கொள்ளச் செய்தது யார் என்று கேட்பதில்லை. கிறிஸ்து மதத்தில் ஜாதியில்லை என்று சர்க்கார் சொல்லுவதை நம்புகிறவர்கள், கல்லறையில் போய்ப் பார்க்கட்டும். பல ஊர்களில் பிணத்துக்கும் தனித்தனி இடம்.

2022 அக்டோபரில் இதை விசாரிக்க மத்திய சர்க்கார் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் கமிஷன் போட்டது. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டசபை, கிறிஸ்தவரானவர்களுக்கும் அந்த உரிமையைக் கொடு என்று தீர்மானம் செய்தது. 2024 நவம்பரில் ஒரு பெண்மணியின் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. அவர் தம்மை இந்து என்று சொல்லி, தகப்பனார் ஜாதியைக் காட்டி, உத்தியோகத்துக்காகத் தாழ்த்தப்பட்டோர் சர்ட்டிபிகேட் கேட்டார். அதிகாரிகள் அவர் வீட்டு விவகாரத்தை விசாரித்தார்கள். குழந்தையில் ஞானஸ்நானம் நடந்ததா, மாதா கோயிலுக்கு ஒழுங்காகப் போகிறாரா என்பதெல்லாம் கோர்ட்டில் ஆராயப்பட்டன. தொண்ணூறு வயது யூதக் கிழவரை நாம் நினைத்துக்கொண்டோம். அவரை யூதன் என்று காட்டி வரி வாங்கச் சோதித்தார்கள், இந்த அம்மாளை இந்து அல்ல என்று காட்டச் சோதித்தார்கள். சர்ட்டிபிகேட் கிடைக்கவில்லை.